முதலில் அரித்தது நீர்நாய்க்கு

மலையடிக் காட்டில் ஒரு பாழடைந்த பங்களா. அதன் பின்னால் ஒரு நீச்சல் குளம். கட்டினவர்கள் என்றைக்கோ போய்விட்டார்கள். குளத்தைக் காட்டு விலங்குகள் எடுத்துக்கொண்டன.

அந்தக் கோடையில் ஓடை வற்றிப்போச்சு. குடிப்பதற்கு, குளத்தோரத்துக் குழாயில் விரல் பருமனுக்குச் சுனைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. உடம்பு நனைக்க அந்தக் குளத்தை விட்டால் வேறு கதியில்லை.

குளத்துக்குத் தலைவர் கோட்டையப்பன் என்ற காட்டுப்பன்றி. காவலுக்கு மூக்கையன் என்ற கருமந்தி. பங்களாவில் ஆள் இருந்த காலத்திலே கூரைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவன் இந்த மூக்கையன். அங்கிருந்த காவல்காரர் சாயங்காலமானால் ஒரு வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் தூவுவார். கிருமி சாகுமாம். அந்தப் பொடி பங்களா அறையொன்றில் மூட்டை மூட்டையாய்க் கிடந்தது. மூக்கையனும் எடுத்துத் தூவினான். தண்ணீர் கொஞ்சம் கலங்கினால் போதும், இன்னும் இரண்டு கை அள்ளிப் போடுவான்.

"வாடை மூக்கைத் துளைக்குது பாருங்க! அதுதான் சுத்தம்!" என்று மார்தட்டுவான்.

தினமும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நீந்துகிறவள் நீர்நாய் சுழலி. அவளுக்குத்தான் முதலில் அரித்தது. வயிறு சிவந்தது. கால் இடுக்கெல்லாம் தடித்தது. அவள் குட்டிகள் இரண்டும் வயிற்று முடி கொட்டச் சொறிந்து சொறிந்து அழுதன.

"மூக்கையண்ணே, தண்ணியில ஏதோ கோளாறு. கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் சுழலி.

"என் தண்ணியிலேயா! வாயைக் கழுவு!" என்று சீறினான் அவன்.

மறுநாளே கோட்டையப்பன் கூட்டம் கூட்டிவிட்டார். மான், முயல், கரடி, எல்லாரும் குளத்தைச் சுற்றி நின்றார்கள்.

"இந்தாம்மா, உனக்குச் சொறி நோய். எங்களுக்கும் ஒட்டிக்கும். குட்டிகளைத் தூக்கிட்டு இன்னைக்கே கிளம்பு!" என்றார் பன்றி.

"எங்கே போவேன் தலைவரே? பத்து மைலுக்குத் தண்ணி கிடையாது. இந்த வெயில்ல என் பிள்ளைங்க கருகிப் போகும்!"

"அது உன் தோலோட கோளாறு. தண்ணி என்ன பண்ணும்?"

"ஆமா, ஆமா, எங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்லையே!" என்று அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

கேட்டீர்களா நியாயத்தை! நோவு பட்டவளைக் குற்றவாளி ஆக்கியாச்சு. சுழலிக்கு நெஞ்சு கொதித்தது. நிமிர்ந்து நின்றாள்.

"சரி, போறேன். ஆனா போறதுக்கு முன்னாடி எல்லாரும் என்கூடப் பங்களா பின்பக்கம் வரை வாங்க. அங்கே ஒரு வேப்பமரம் நிக்குது. நான் அரிப்புத் தாங்காம உடம்பைத் தேய்ச்சுக்கிற மரம்."

எல்லாரும் போனார்கள். மரத்தின் அடியிலே ஒரு சாண் உயரத்துக்குப் பட்டை வழவழவென்று தேய்ந்திருந்தது.

"இது நான் தேய்ச்சது. எனக்கு இவ்வளவுதான் எட்டும். இதுக்கும் கீழே, வேர்மேல ஒட்டியிருக்கிற பஞ்சு மாதிரி முடி யாரோடது?"

முயல் காதை மடக்கிக்கொண்டது.

"மேலே இடுப்புயரத்துல செம்பட்டை முடி?"

மான் அல்லி தரையைப் பார்த்தாள். "ராத்திரியில தூக்கமே வர்றதில்லக்கா..." என்று முனகினாள்.

"அதுக்கும் மேலே, பட்டையே உரிஞ்சு கிடக்கே?"

"நான்தான், நான்தான்!" என்று கரடி பெரியகருப்பு முதுகைச் சொறிந்துகொண்டே ஒத்துக்கொண்டது. "மூணு வாரமா உயிர் போகுது. சொன்னா என்னையும் விரட்டிடுவீங்களோன்னு வாயை மூடிக்கிட்டேன்."

சுழலி அண்ணாந்து பார்த்தாள். "மூக்கையண்ணே, கிளையில கறுப்பு முடி தொங்குது. அவ்வளவு உயரத்துக்கு ஏறினது நீர்நாயா?"

மூக்கையன் முகம் தொங்கிப்போச்சு.

"தினமும் நீந்தறவ நான். அதான் எனக்கு முதல்ல வந்துச்சு. உங்களுக்கு நான் ஒட்டவைக்கலை; எல்லாருக்கும் ஒரே தண்ணி! இன்னொண்ணும் சொல்றேன். நாலு நாள் முன்னாடி யானைக் கூட்டத்துக்குப் பயந்து யாரும் குளத்துல இறங்கலை. மறுநாள் காலையில வாடை இருந்துச்சா?"

"இல்லை," என்றான் மூக்கையன் மெல்ல. "பொடி என்னமோ அதே அளவுதான் போட்டேன்."

"அப்போ வாடை பொடியால மட்டும் இல்லை! நம்ம அழுக்கு பொடியோட கலந்துதான் அந்த வாடை, அந்த எரிச்சல். தலைவர் சேத்துல புரண்டு அப்படியே வந்து குதிக்கிறாரு. குதிச்சுட்டு உள்ளே என்ன பண்றாருன்னு சொல்லவா?"

கோட்டையப்பன் பலமாக இருமினார்.

மூக்கையன் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டான். "அட மண்டையா! பங்களாக்காரங்க இறங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரா அந்தக் குழாயடியில நிப்பாங்க. ஏறினதும் திரும்ப நிப்பாங்க. சும்மா விளையாடறாங்கன்னு நினைச்சேன்! பொடியைக் கத்துக்கிட்டேன், கழுவறதைக் கத்துக்கலையே!"

"இனிமே எல்லாரும் கழுவிட்டு இறங்கணும்," என்றாள் சுழலி.

"நானுமா?" என்று பன்றி உறுமினார். "நான் தலைவன்! சேறு எனக்கு அழகு!"

அப்போது, இலை அசைந்தாலே ஓடுகிற அல்லி முன்னால் வந்தாள்.

"அப்படின்னா அழகோட கரையிலேயே நில்லுங்க மாமா!"

மூக்கையனும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு குளத்துப் படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டான். வெயில் ஏறியது. பன்றி கரையில் நின்று நின்று பார்த்தார். உச்சி வேளை ஆனதும் வாயைத் திறக்காமல் குழாயடிக்குப் போனார். அவர் உடம்பிலிருந்து ஒரு கூடைச் சேறு இறங்கியது.

பத்து நாளில் வாடை போச்சு. ஒரு கை பொடியே போதுமானதாய் இருந்தது. குட்டிகளின் வயிற்றில் புது முடி முளைத்தது.

ஆனால் "தப்பாப் பேசிட்டோம் தாயி" என்று ஒரு வார்த்தை? கரடி ஒன்றுதான் வந்து சொன்னது. மற்றவர்கள் எதுவுமே நடக்காதது போல, "என்னம்மா சுழலி, இன்னைக்குத் தண்ணி நல்லாயிருக்கில்ல?" என்று சிரித்துக்கொண்டு நீந்தினார்கள்.

"நல்லாயிருக்கு. இதே வாய்தானே அன்னைக்கு என்னைப் போகச் சொல்லுச்சு!" என்று சொல்லிவிட்டு, சுழலி குட்டிகளோடு குளத்தின் நடுவுக்கு நீந்திப் போனாள்.

முதலில் நோவு பட்டவரைப் பழித்து விரட்டாதே. எல்லாரும் இறங்குகிற தண்ணீரை முதலில் சோதித்துப் பார்.