இளவரசி கழித்த பத்துப் பேர்

முன்னொரு காலத்திலே மாங்குயில் நாட்டை அதிரூபவர்மன்னு ஒரு ராஜா ஆண்டுகிட்டிருந்தார். நல்ல மனுஷன்தான், ஆனா காலையிலே ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை செங்கமலம். வெறும் புளியங்கொட்டையை வெச்சே நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துடுவா. ராஜாவின் மகள் மதுரவல்லியும் அங்கே படிக்கப் போனதும், அரண்மனை அதிகாரி வித்தகராயருக்கு வயிறு பற்றி எரிஞ்சுது.

"மகாராஜா, இளவரசி கையிலே புளியங்கொட்டையா? ஊர் சிரிக்காதா?"

அவ்வளவுதான்! பத்துப் பொற்கொட்டை செஞ்சு, பெட்டியிலே பூட்டி, கொட்டைக்கு ஒரு காவல்காரனை நிறுத்திட்டாங்க. அதைத் தொடவே கூடாது, தூர நின்னு கும்பிட்டுட்டுத்தான் கணக்குப் படிக்கணும். அரண்மனைக்குள்ளே புளியங்கொட்டைக்கே தடை. ரசத்துக்கு வர்ற புளியைக்கூட வாசல்லேயே சோதனை போட்டாங்கன்னா பார்த்துக்கோங்க! இந்தக் கூத்துக்கு நடுவிலே பாடம் சொல்ல செங்கமலத்தை அரண்மனைக்கே கூப்பிட்டாங்க.

ஆறு மாசம் கழிச்சு ராஜா சபையிலே கேட்டார்: "கண்ணு, பத்துக் கொட்டையிலே மூணு போனா எத்தனை?"

"எந்தத் திருடன் எடுத்தான் அப்பா? அவன் தலையை வாங்குங்க!"

"கொட்டையிலே குறையில்லை மகாராஜா, சொல்லிக்கொடுத்தவ சரியில்லை" என்றார் வித்தகராயர்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. "செங்கமலம்! உச்சிப்பொழுதுக்குள்ளே என் மகள் கழித்துக் காட்டணும். இல்லேன்னா பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு, நீ நாட்டை விட்டே நடையைக் கட்டு!"

செங்கமலத்துக்குத் தன் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வந்துச்சு. அந்த நாற்பது பிள்ளைகளும் எங்கே போகும்? சுற்றுமுற்றும் பார்த்தா. கல்லில்லை, குச்சியில்லை. வரிசையா பத்து அதிகாரிகள்தான் உட்கார்ந்திருந்தாங்க.

"மகாராஜா, எண்ணுற பொருளைக் கையாலே பிடிச்சு நகர்த்தினாத்தான் பிள்ளைக்குப் புரியும். இந்தப் பத்துப் பேரையும் கொஞ்சம் இரவல் கொடுங்க."

"தாராளமா எடுத்துக்கோ! இவங்களாலே இன்னிக்காவது ஒரு உபயோகம் வரட்டும்."

இளவரசி தாவி வந்தா. ஒருத்தரைச் சால்வையைப் பிடிச்சு இழுத்தா, இன்னொருத்தரை முதுகிலே கைவெச்சுத் தள்ளினா. சேனாதிபதியை, "ஐயோ, மீசை! மீசை!"ன்னு அலற அலற வெளியே விட்டா. மிச்சம் இருந்த தலைகளைத் தட்டித் தட்டி எண்ணினா.

"ஏழு! அப்பா, ஏழு!"

செங்கமலத்துக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு. இளவரசியோ நிறுத்துறதா இல்லை. ஏழு அஞ்சாச்சு, அஞ்சு ரெண்டாச்சு. கடைசியிலே வித்தகராயர் மட்டும் தூணைக் கட்டிப் பிடிச்சுகிட்டு நின்னார்.

"நான் கொட்டை இல்லேம்மா, அதிகாரி!"

"கணக்குக்கு அதெல்லாம் தெரியாதுங்க ஐயா" என்றா செங்கமலம்.

இளவரசி அவரையும் தள்ளிக் கதவைச் சாத்தினா. "ஒண்ணிலே ஒண்ணு போனா, ஒண்ணுமே இல்லே அப்பா!"

சபை அமைதியா இருந்துச்சு. துதிபாட ஆளில்லை, கோள்மூட்ட ஆளில்லை. ராஜா காலை நீட்டிச் சாஞ்சார். "அடடா! பூஜ்யம் இத்தனை சுகமா இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லித்தரலையே! செங்கமலம், பொற்கொட்டையை உருக்கி உன் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதைச் செஞ்சுக்கோ. வித்தகராயரையும் கொண்டுபோய் ஒரு மாசம் பிள்ளைகளுக்கு எண்ணக் கொடு!"

அப்போ கதவு தட்டுற சத்தம். "மகாராஜா, உள்ளே வரலாமா?"

ராஜா மகள் காதிலே குனிஞ்சு சொன்னார்: "கண்ணு, கூட்டலை நாளைக்குப் படிச்சுக்கலாம்."