பலகை ஆடவே கூடாது

புத்தி கொஞ்சம் கம்மியாக இருந்தாலும் பாசத்துக்குக் குறைச்சல் இல்லாத ஊர் ஏமாந்தான்பட்டி. அந்த ஊர்ப் பூவலிங்கத்துக்கு ஒரே மகள், மரகதவல்லி. திருவிழாவில் அவளை ஆட வைக்கலாமா என்று பார்க்க, நடன டீச்சர் கமலவேணி அன்று சாயங்காலம் வீட்டுக்கு வருவதாக இருந்தது. சிமெண்டுத் தரையில் ஆடினால் பிள்ளைக்கு முழங்கால் வலிக்கும். ஆகவே பூவலிங்கம் டவுனுக்குப் போய், சேர்த்தால் மேடை, பிரித்தால் பலகை என்கிற சாமான் ஒன்றை வாங்கி வந்துவிட்டார்.

கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். "நடுவுலேருந்து ஆரம்பிச்சு ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டே போங்க. ஓரத்துல மட்டும் காலை வைக்காதீங்க, தூக்கி அடிச்சிரும். முக்கியமா, பலகை ஆடவே கூடாது."

மகள் டீச்சரை அழைத்து வரப் போயிருந்தாள். பூவலிங்கமும் அவர் தம்பி முக்கையாவும் மச்சினன் இருளாண்டியும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். கட்டி முடித்ததும் இருளாண்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஆடவே கூடாதுன்னா இதை எதுக்கு மச்சான் வாங்கினீங்க?"

பூவலிங்கம் மடியில் கடை ரசீதைத் தேடினார். நல்லவேளை, முக்கையா யோசிக்கத் தெரிந்தவன்.

"அண்ணே, பலகைதான் ஆடக் கூடாது. புள்ள ஆடலாம்."

"பலகை ஆடாம யாருடா பாத்துக்கிறது?"

"நாமதான். மேல உக்காந்துட்டா எப்படி ஆடும்?"

நடுப்பலகையில் மூவரும் உட்கார்ந்தார்கள். மிச்சத்தைப் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமலே நகர்ந்து நகர்ந்து நாலு பக்கமும் கோத்தார்கள். வேலை சுத்தம். கூடம் நிறைய மேடை, அசையவே இல்லை.

தண்ணீர் குடிக்க எழுந்த இருளாண்டி விளிம்பு வரை போனான், நின்றான், திரும்பி வந்தான்.

"இறங்கணும்னா ஓரத்துல கால் வைக்கணுமே மச்சான்."

நாலு பக்கமும் பார்த்தார்கள். நாலு பக்கமும் ஓரம்தான்.

"ஓரம் இல்லாததாக் கேட்டு வாங்கியிருக்கணும்" என்று பூவலிங்கம் நொந்துகொண்டார்.

"ஓரத்தைக் கழட்டிட்டா?" என்றான் முக்கையா.

குனிந்து கையாலேயே ஓரப் பலகைகளைக் கழற்றி அப்பால் தள்ளினார்கள். பார்த்தால், அதற்கு உள்ளே இருந்த பலகை ஓரமாகியிருந்தது. அதையும் கழற்றினார்கள். அங்கேயும் ஓரம்.

"முளைச்சுக்கிட்டே இருக்குதே" என்றான் இருளாண்டி.

மகள் டீச்சரோடு உள்ளே வந்தபோது, ஒற்றைப் பலகைமேல் மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். பூவலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"மேடையைக் காணோம் தாயி. ஓரம் தின்னுருச்சு."

மரகதவல்லி பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருப்பவள். ஒன்றும் கேட்காமல், சிதறிக் கிடந்த பலகைகளைக் கூடத்தின் மறுபாதியில் கோத்தாள். சலங்கையைக் கட்டினாள். ஆடினாள்.

"திருவிழாவுக்கு இவதான்" என்றார் டீச்சர்.

பூவலிங்கம் சந்தோஷத்தில் கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தார். பிடி விட்டதும் முக்கையா தடுமாறி ஓரத்தை மிதிக்க இருந்தான்.

"இறங்கி வாங்கப்பா. ஒரு விரக்கடை உயரந்தான்."

"உயரத்துக்கு யாரும்மா பயந்தா?"

திருவிழாவன்று அந்த ஒற்றைப் பலகையும் தேவைப்பட்டது. வேறு வழியில்லாமல் மூன்று பேரோடும் சேர்த்தே டிராக்டரில் ஏற்றினார்கள். கோயில் தெருப் பள்ளத்தில் வண்டி இறங்கியதும் இருளாண்டி பூவலிங்கத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"மச்சான், பலகை ஆடுது."

பூவலிங்கம் பிடியை விடாமல் சொன்னார்.

"சும்மா இரு மாப்ள. சாயங்காலம் மேடை ஏறணும்ல, ஒத்திகை பாக்குது."