குற்றவாளிக்கே திடல்

காட்டாறுகளுக்கு இன்னும் பெயர் வைத்திராத காலத்தில், செம்பாறை நாட்டை மகுடநாதன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் சாப்பாட்டுக்கு முன் ஒரு தீர்ப்பு, சாப்பாட்டுக்குப் பின் வேறொரு தீர்ப்பு. பாட்டுக் கச்சேரியைவிடச் சண்டைக் கச்சேரி அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதற்குத் தோதாக ஆலங்கரை, அத்திக்கரை என்று இரண்டு ஊர்கள். நடுவே ஒரு திடலும் உடைந்த ஏரியும். திடல் யாருக்கு என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை. அறுவடை முடிந்ததும் இரு ஊராரும் சபைக்கு வந்து, திடலின் மண்ணைக் கையில் பிடித்து, எதிர் ஊரின் குற்றங்களைச் சொல்வார்கள். அந்த மண்ணைப் பிடித்துப் பொய் சொன்னால் சொன்னவன் வயல் விளையாது என்பது நம்பிக்கை. அதனால் யாரும் பொய் சொன்னதில்லை. நடந்ததில் எதிராளி செய்த பாதியை மட்டும் சொல்வார்கள். நன்றாகக் குற்றம் சொன்னவருக்கு ராஜா பட்டுச் சால்வை போர்த்துவார். இரு பக்கத்துக்கும் பேச்சுச் சொல்லிக் கொடுப்பவர் ஒரே ஆள், சபையின் வாதத் தலைவர் விருத்தகிரி. திடலில் புல்தான் முளைத்தது.

மந்திரி அறவாழி பிறந்தது அந்தத் திடலில். அம்மா ஆலங்கரை, அப்பா அத்திக்கரை. கல்யாணம் ஆனதும் இரண்டு ஊரும் கதவைச் சாத்த, திடலில் குடிசை போட்டார்கள். அவன் தூளியில் கிடந்த பருவத்தில் குடிசை எரிந்தது. வழிப்போக்கர் ஒருவர் தூக்கி ஓடியதால் அவன் மட்டும் மிஞ்சினான். அந்தத் தீயைப் பற்றி மட்டும் எந்த ஊரும் மண்ணைப் பிடித்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

சத்திரத்துச் சோற்றில் வளர்ந்து, அங்கேயே படித்து, மந்திரியானான். சபையில் மற்றவர்களுக்குத் தாத்தா மந்திரி, மாமா தளபதி. அவனுக்கு யாருமில்லை. விருந்தில் அவன் பக்கத்து இலை எப்போதும் காலியாகவே இருக்கும். ஆலங்கரைக்கு அவன் அத்திக்கரைப் பிள்ளை. அத்திக்கரைக்கு அவன் ஆலங்கரைப் பிள்ளை.

அந்த வருஷம் ராஜாவுக்குக் கச்சேரி சலித்துவிட்டது. "கேட்டதையே கேட்கிறேன். இன்றைக்கே முடிவு வேண்டும்."

விருத்தகிரி கைகட்டி எழுந்தார். "மகாராஜா, நம் மந்திரியார் அந்த மண்ணிலேயே பிறந்தவர். முதலில் குற்றம் செய்தது எந்த ஊர் என்று அவரே சொல்லட்டும். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போகட்டும்."

"எந்த ஊருக்கு?" என்றார் ஓர் அதிகாரி. சபை சிரித்தது. அறவாழியும் சிரித்தான். சிரிக்காவிட்டால் கவனித்துவிடுவார்கள்.

"சரி, மந்திரி. சொல்லும்" என்றார் ராஜா.

எந்த ஊரைச் சொன்னாலும் மற்ற ஊர் பக்கபாதம் என்னும். அவன் விரலில் இருந்த மோதிரத்தை ஒருமுறை திருகினான்.

"மகாராஜா, உடைத்தவனே கட்ட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். கரையை உடைத்தவன் கரை கட்ட வேண்டும். வயலை அழித்தவன் உழுது கொடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்ய அவன் திடலிலேயே இருந்தாக வேண்டும். ஆகவே, எந்த ஊர் பெரிய குற்றவாளியோ அந்த ஊருக்கே திடல். மண்ணைப் பிடித்து அவரவர் குற்றத்தைச் சொல்லட்டும்."

அத்திக்கரை மருதையன் மெல்ல மண்ணை அள்ளினார்.

"ஏரிக் கரையை வெட்டினது எங்க பாட்டன்தான், சாமி."

ஆலங்கரைக் காளத்தி பாய்ந்து வந்தார். "அதுக்கு முன்னாடியே உங்க மாட்டை ஓட்டிட்டு வந்தது நாங்க. அதை ஏன்யா மறைக்கிற?"

"மாடு என்ன பெரிய மாடு. உங்க களத்து வைக்கோலுக்கு நெருப்பு வெச்சது யாரு? நாங்க."

"போன வருஷம் எங்களை யோக்கியன்னு சொன்னியா நீ? இப்ப மட்டும் யோக்கியனாக்கப் பாக்கிறியே."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விருத்தகிரி, இப்போது எந்தப் பக்கத்துக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்?" விருத்தகிரி அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

அப்போது காளத்தி, தோற்றுவிடுவோம் என்ற வேகத்தில், இன்னொரு பிடி மண்ணை எடுத்தார்.

"திடல்ல இருந்த குடிசையக் கொளுத்தினது நாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் யார் முன்னால் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. "உள்ள ஆள் இல்லேன்னு நெனச்சோம்" என்றார், தரையைப் பார்த்து.

மருதையனும் இன்னொரு பிடி மண்ணை எடுத்தார். "அணைக்க ஓடினவங்கள மறிச்சு நிறுத்தினது நாங்க. ஆலங்கரைப் பொண்ணு வீடு, எரியட்டும்னு."

அதற்கு மேல் யாரும் போட்டி போடவில்லை. ராஜாவின் சிரிப்பு நின்றது.

"மந்திரி, உமக்கு வேண்டிய பெயர்கள் கிடைத்துவிட்டன. எந்த ஊருக்கு என்ன தண்டனை? சொல்லும், நிறைவேற்றுகிறேன்."

இந்தக் கேள்விக்குத்தான் அவன் பிறந்ததிலிருந்து காத்திருந்தான். தீ வைத்தது யார் என்று தெரிந்த அன்று நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கும் என்று நினைத்திருந்தான். ஒன்றும் இறங்கவில்லை.

"மகாராஜா, குற்றம் குற்றம்தான். சொன்னது சொன்னபடி சபையில் நிற்கட்டும், நான் அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் அதையே வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தால் ஏரியில் தண்ணீர் நிற்காது. இரண்டு ஊரும் உடைத்தது. இரண்டு ஊரும் கட்டட்டும், இரண்டு ஊரும் உழட்டும். அடுத்த அறுவடைக்கு இங்கே வந்தால் கரை எவ்வளவு உயர்ந்தது என்பதை மட்டும் கேளுங்கள்."

ராஜா இறங்கி வந்து, சால்வையை அறவாழிக்குப் போர்த்தினார். "விருத்தகிரி, கரை முடியும்வரை நீரும் அங்கே மண் சுமக்க வேண்டும். வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்."

கரை வேலை தொடங்கிய நாளில் அறவாழியும் திடலுக்குப் போனான். வாதத் தலைவர் மண்கூடையோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உச்சி வெயிலில் ஆலங்கரைக்காரர்கள் அந்தக் கரையிலும் அத்திக்கரைக்காரர்கள் இந்தக் கரையிலும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குடிசை இருந்த இடத்துப் புல்லில் அவன் தனியாக உட்கார்ந்து சத்திரத்துக் கட்டுச்சோற்றைப் பிரித்தான்.

காளத்தி வந்தார். பக்கத்தில் உட்காரவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். தன் கஞ்சிக் கலயத்தை நடுவில் வைத்தார். மறுகரையிலிருந்து மருதையன் ஒரு கை உப்பு மாங்காய் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, அவரும் தள்ளியே உட்கார்ந்தார்.

மன்னித்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அறவாழி கையை ஊன்றியிருந்தது அந்த மண்ணில்.

"கஞ்சி ஆறிடும்" என்றான். மூவரும் சாப்பிட்டார்கள்.

ஏரி நிறைந்தது, கதையும் நிறைந்தது.