மண் தின்ற தலைப்பாகை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசை இப்போதே உதிரட்டும்! வெகு காலத்துக்கு முன்பு கத்திரிமங்கலம் என்னும் நாட்டை வழுதிமாறன் ஆண்டான். மூன்று வேளையும் கத்திரிக்காய் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் எண்ணெய்க் கத்திரிக்காயில் ஒரு புழு நெளிந்தது. ராஜா அலறிய அலறலில் கொட்டடி யானை படுத்துவிட்டது!

"நாடு முழுக்க நச்சுப்பொடி தூவுவோம், பிரபு! என் தோட்டத்தில் தூவிவிட்டேன், ஒரு பூச்சி இல்லை" என்றார் சபையிலிருந்த பெரிய மனிதர் பகட்டுநாதர். மந்திரி பதவிமேல் அவருக்கு நெடுநாள் கண்.

மந்திரி செங்கோதை எழுந்தாள். "வேண்டாம் அரசே. சாணமும் இலைதழையும் மக்கவைத்து மண்ணுக்குச் சாப்பாடு போடுவோம். மண் தெம்பாயிருந்தால் செடி பூச்சியைத் தாங்கும். மிச்சத்தைக் குருவியும் குளவியும் பார்த்துக்கொள்ளும்."

"மண் சாப்பிடுமா அம்மணி? இலை போட்டுப் பரிமாறுவீர்களோ?" பகட்டுநாதர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்படித் தின்றால் என் தலைப்பாகையைத் தின்னட்டும்!"

"சொல்லிவிட்டீர்கள், கொடுங்கள்."

சரிகைக்கரை போட்ட பருத்தித் தலைப்பாகை அது. சபை பார்க்க, டர்ரென்று இரண்டாகக் கிழித்தாள். சாணமும் தழையும் போட்டு வந்த தன் தோட்டத்தில் பாதி, பொடி தூவிய அவர் தோட்டத்தில் பாதி புதைக்கச் சொன்னாள்.

"உன் மண் துணியைத் தின்னாமல் நீ தோற்றால் உன் பதவி அவருக்கு, உன் தோட்டத்துக்கும் பொடி" என்றான் ராஜா.

ஆடியில் புதைத்ததை ஆவணிக் கடைசியில் தோண்டினார்கள். பகட்டுநாதர் தோட்டத்தில் துணி அப்படியே வந்தது.

"பார்த்தீர்களா பிரபு! என் மண் எவ்வளவு யோக்கியம்! ஒரு நூலைத் தொடவில்லை!" என்று குதித்தார் மனுஷன்.

செங்கோதை தோட்டத்தில் சரிகை மட்டும்தான் மிச்சம். அதைச் சுற்றி மண்புழுக்கள் கொழுகொழுவென்று புரண்டன. மண் ஏப்பம் விட்டதை என் காதாலேயே கேட்டேன்!

"உயிர் இருந்தால்தானே அரசே பசிக்கும்? இங்கே மண் துணியைத் தின்று செடிக்குச் சோறாக்கிவிட்டது. அங்கே பொடி தூவித் தூவி மண்ணின் வாயையே அடைத்துவிட்டார்" என்றாள் செங்கோதை.

ராஜா நிமிர்ந்து பார்த்தான். அங்கே செடிகள் காய்ச்சல்காரன் மாதிரி வெளுத்து நின்றன; இலையெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி. குருவியும் குளவியும் அந்தப் பக்கமே வரவில்லை. இங்கே காய்கள் எண்ணெய் தடவினாற்போல மின்னின. ஒன்றைப் பறித்துப் பச்சையாகவே கடித்தான் ராஜா.

"பொடி மூட்டைகளுக்கு இனி என் நாட்டில் இடமில்லை! செங்கோதை, அரண்மனைத் தோட்டமெல்லாம் இனி உன் பொறுப்பு. பகட்டுநாதரே, இன்று முதல் நீர் மண்ணுக்குச் சமையல்காரர். சாணிக்கூடையைத் தூக்கும்!"

"தலையிலா பிரபு? தலை வலிக்குமே!"

செங்கோதை சிரிக்காமல் அந்த மிச்சப் பாதித் துணியை நீட்டினாள். "சும்மாடு கட்டிக்கொள்ளுங்கள் ஐயா. உங்கள் மண்தான் பத்திரமாக வைத்திருந்ததே!"

கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். பகட்டுநாதர் வம்சத்தில்தான் பெண் எடுத்திருக்கிறேன். இன்று வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு!