பரண் ஏறிய அரசர்

யோருபா நாட்டில் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் அரசர் மட்டும் சாகவே மாட்டார். மற்றவர்கள் செத்தால் செத்தார்கள் என்பார்கள். அரசர் செத்தால் 'பரண் ஏறிவிட்டார்' என்பார்கள். அதன் அர்த்தம் அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

ஒருநாள் அரசர் பரண் ஏறினார்.

அரண்மனையின் கிழட்டு மேளத்துக்கு அன்றைக்குத்தான் பெரிய வேலை. அது பேசுகிற மேளம். யோருபா மொழியில் சொல்லை ஏற்றிச் சொல்கிறோமா இறக்கிச் சொல்கிறோமா என்பதிலேயே பொருள் மாறிவிடும். மேளம் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே அடிக்கும், ஊர் புரிந்துகொள்ளும். பொழுது சாய்வதற்குள் அது அரசருக்கு விடை சொல்ல வேண்டும். கடைசிச் சொல்லில் அதன் தோல் கிழிய வேண்டும். மேளம் முன்னே போய் வழி சொன்னால்தான் அரசர் முன்னோரிடம் போய்ச் சேருவார். இல்லாவிட்டால் பாவம், வாசற்படியிலேயே நிற்க வேண்டியதுதான்.

"பயமா இருக்கா?" என்று கேட்டது அதன் ஜோடியான வளைந்த குச்சி.

"பயமா? தினமும் விடியக்காலையில அவரை எழுப்புறதே நான்தான். போற இடத்துல வேற யாரு எழுப்புவா?" என்று சிரித்தது மேளம்.

மேளம் சாகப்போகிறது என்ற சேதி கேட்டு அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது தக்கைத் தொப்பி. வெள்ளைக்கார அதிகாரியின் தொப்பி அது. கீழே தலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உத்தரவு போடும்.

"அரசர் எங்கே?"

"பரண் ஏறிட்டாரு, துரை" என்றது மேளம்.

"இந்த வயதில் பரணில் என்ன வேலை? ஏணி! ஏறி அவரை இறக்கு!"

ஏணி உள்ளூர்தான். ஆனால் துரை வீட்டு வேலையில் இருந்தது. விஷயம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு ஏறிப் பார்த்தது.

"கொஞ்சம் கிழங்கும் ஒரு பல்லியும்தான் இருக்கு, துரை."

"ஆக, ஆளைக் காணவில்லை. காணாமல் போனவருக்காக ஒரு மேளம் சாவதா? என் ஆட்சியில் நடக்காது!"

மேளத்தையும் குச்சியையும் குன்றின் மேலிருந்த பங்களாவுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி அலமாரியில் பூட்டினார்கள். தொப்பிக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டதாக உண்மையாகவே நம்பியது. அதுதான் கொடுமை.

வெயில் இறங்க இறங்க மேளம் கண்ணாடி வழியே சூரியனையே பார்த்தது. "அவரு வாசல்லயே நிப்பாரே" என்று அழுதேவிட்டது.

அப்போது தொப்பி வந்து எட்டிப் பார்த்தது. "உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். ஒரு நன்றிகூடக் கிடையாதா?"

மேளத்தின் அழுகை சட்டென்று நின்றது. குச்சி கண்ணடித்தது.

"எங்க நன்றியை அடிச்சுத்தான் சொல்லணும், துரை. பூட்டின அலமாரிக்குள்ள சத்தம் எடுபடாது. வராந்தாவுக்கு வரலாமா?"

"தாராளமாக!"

வராந்தாவில் மேளம் வாய் திறந்தது. தொப்பிக்குக் கேட்டதெல்லாம் டும் டும்தான். கீழே ஊருக்குக் கேட்டது வேறு:

"எழுந்திரு அரசே, விடிஞ்சாச்சு. நான் முன்னாடி போறேன். பின்னாடியே வா."

சந்தையில் பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு ஆடத் தொடங்கினார்கள். அரண்மனையில் அடித்திருந்தால் பாதி ஊருக்குத்தான் கேட்டிருக்கும். குன்றின் மேலிருந்து அடித்ததில் பக்கத்து ஊர்கள்கூட எழுந்து நின்றன. தொப்பியும் தாளம் தப்பாமல் தலையாட்டியது.

சூரியன் மேற்கு அடிவானத்தைத் தொட்டது. குச்சி தன் ஜோடியை ஒருமுறை தடவிக்கொடுத்தது. பிறகு ஓங்கி ஒரே அடி. 'வா' என்ற சொல்லோடு தோல் கிழிந்தது. கீழே குலவைச் சத்தம் வானைப் பிளந்தது.

தொப்பி நெகிழ்ந்துபோனது. "பார்த்தாயா ஏணி, நன்றி தாங்காமல் நெஞ்சே வெடித்துவிட்டது!"

ஏணி அன்று முதல்முறையாக நிமிர்ந்து நின்றது. அரசருக்கு மட்டுமே உரிய சொல்லை எடுத்து மேளத்துக்குக் கொடுத்தது.

"மேளமும் பரண் ஏறிடுச்சு, துரை."

தொப்பி கிழிந்து கிடந்த மேளத்தைப் பார்த்தது. கூரையைப் பார்த்தது. மறுபடியும் மேளத்தைப் பார்த்தது.

"எதற்கும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடு" என்றது.