தை மாதத்துத் திதி

மலையடிவாரத்து மடத்துக்குத் தனுஷ்கோடி வந்து சேர்ந்தபோது உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. ஊரில் அவர் பெரிய எண்ணெய் மில் முதலாளி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மடத்தை நடத்தும் அமுதவல்லி அம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது. ஆனாலும் மனசுக்குள் ஏதாவது சிக்கிக்கொண்டால் அவர் ஓடி வருவது இந்த அம்மாவிடம்தான். ஞானம் என்ன வயசு பார்த்தா வருகிறது?

"அப்பா பேர்ல அறக்கட்டளை வச்சிருக்கோம்ல தாயே, வருசா வருசம் தை மாசம் அவர் திதியன்னிக்கு மேடை போட்டு, ஊர்ல சேவை செய்ற அமைப்புகளுக்கெல்லாம் நிதி குடுப்போம். நேத்து ரோசலின் டீச்சர் வந்து நின்னாங்க. காது கேக்காத பிள்ளைங்களுக்கு இல்லம் நடத்துறவங்க. வீட்டுக்காரர் இந்த ஆடி முடியறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாராம். வேற வீடு பிடிக்க முன்பணம் வேணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க, மொதலாளி?"

"தையில வாங்கன்னேன். 'தை வரைக்கும் பிள்ளைங்க எங்கய்யா இருக்கும்?'னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. அதுலேர்ந்து எனக்கு இருப்புக் கொள்ளல. முன்னாடியே குடுத்தா அப்பா நாளுக்கு என்ன மரியாதைன்னு தம்பிமார் குதிக்கிறாங்க. நான் என்னதான் செய்ய?"

"முதல்ல சாப்பிடுங்க. பேசலாம்."

அம்மா இலை போட்டார். தண்ணீர் தெளித்தார். அப்புறம் எதிரே உட்கார்ந்துகொண்டார். அடுப்படியிலிருந்து சாம்பார் வாசம் ஆளைத் தூக்கியது. சோறு மட்டும் வருகிற வழியாக இல்லை.

தனுஷ்கோடிக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டுவிட்டு வேளை தப்பினால் கை நடுங்கும். நடுங்கத் தொடங்கியது. ஊருக்கே படியளக்கிறவர் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம்.

"தாயே... சோறு?"

"வியாழக்கிழமை எங்க குருபூசை. வடை பாயசத்தோட ஜமாய்ச்சிரலாம். அன்னிக்கு வந்து சாப்பிடுங்களேன்."

"வியாழக்கிழமை வரைக்கும் நான் எப்படித் தாங்குவேன்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகம் சுண்டிப்போயிற்று.

அம்மா சட்டென்று எழுந்துபோய்ச் சோற்றைக் கொண்டுவந்து பரிமாறினார். கை நடுக்கம் நின்றதும் கேட்டார்:

"மில் வாசல்ல யாராவது வந்து நின்னா, உங்கப்பா என்ன கேப்பாரு?"

"'சாப்பிட்டியா?'ன்னு கேப்பாரு. யாரு, எப்ப வந்தாலும் அதான் முதல் கேள்வி."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. மேடையில் அப்பா படத்துக்கு எத்தனையோ தடவை மாலை போட்டிருக்கிறார். அப்போதெல்லாம் வராத அழுகை இப்போது வந்தது. சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கினார்.

கை கழுவியதும் டிரைவரைக் கூப்பிட்டார். "வண்டிய நேரா டீச்சர் இல்லத்துக்கு விடுப்பா."

செருப்பை மாட்டியவர், ஏதோ உறைத்தவராகத் திரும்பினார்.

"தம்பிமார் கேப்பாங்களே தாயே. தையில வர்றது அப்பா நாள், ஆடியில என்ன நாள்னு கேட்டா என்ன சொல்ல?"

"தையில வர்றது அவர் செத்த நாள், மொதலாளி. இது அவர் உயிரோட இருந்த நாள்ல ஒண்ணுன்னு சொல்லுங்க."