கொண்டல்சாமியின் குறும்பி வாங்கி

ராஜபாளையத்துப் பக்கம் ஒரு நூல் மில்லில் சீனித்தாய் வேலை பார்த்தாள். பட்ஸ் வைத்துக் குடைந்து குடைந்து, வெளியே வர வேண்டிய குறும்பியை உள்ளே தள்ளி, வலது காதைத் தானே அடைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மட்டும் கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு ம்ம்ம்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "செவிப்பறையில ஓட்டை ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு. இந்தச் சொட்டு மருந்தை விட்டு கொஞ்ச நேரம் ஒருக்களிச்சுப் படும்மா. இளகித் தானா வரும். வெளிக்காதை மட்டும் ஈரத்துணியால துடை. உள்ள எதையும் விடாத. வலிச்சாலோ சீழ் வந்தாலோ உடனே வா" என்று அனுப்பினார்.

மருந்து அதன் பாட்டுக்கு மெதுவாக வேலை செய்தது. சீனித்தாய்க்குத்தான் பொறுமை இல்லை. மத்தியானம் கேண்டீனில் சாப்பிட்டு முடித்தவள், கொண்டையிலிருந்து ஊசியை உருவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது உள்ளுக்குள் நமநமத்தது.

அந்த நேரம் பார்த்து மிஷின் ஃபிட்டர் கொண்டல்சாமி எதிரே வந்து உட்கார்ந்தார். மில்லில் அவர் ரிப்பேர் பார்த்த மிஷினைவிட அவர் விட்ட கதைகள்தான் அதிக நேரம் ஓடும்.

"ஊசியைக் கொண்டையில வை தாயி. காது குடையுறது ஒரு வித்தை" என்றவர், சாவிக் கொத்தில் தொங்கிய பித்தளைக் குறும்பி வாங்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். நுனியில் எள்ளு அளவுக்கு ஒரு கரண்டி. சுற்றிலும் சாவிகளின் கிரீஸ். "இதை வச்சு நான் மொதமொதல்ல எடுத்த குறும்பி, புளியங்கொட்டை தண்டி இருந்துச்சு."

"போன மாசம் மொச்சைக்கொட்டைன்னு சொன்னீக" என்றாள் பக்கத்தில் இருந்த மரகதம். அவள் கொண்டல்சாமிக்கு அடுத்த வீட்டுக்காரி.

"அது இடது காது."

சீனித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த ஆளுக்கு வாயைக் குடைய ஒரு கருவி யாராவது செய்து கொடுத்தால் தேவலை என்று நினைத்தாள்.

"புளியங்கொட்டை மேலாக்க இருந்தது. இன்னும் உள்ள போனா தேங்காய்ப் பருமன்ல ஒண்ணு. இதுல என்ன விசேஷம்னா, அத்தனை வருசமா நான் கேட்ட சத்தமெல்லாம் அதுல ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரு ஓரத்தை உடைச்சேன், என் கல்யாண மேளம் கேக்குது. கல்யாணத்துக்கு வராத சொந்தக்காரங்களை எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சு உடைச்சுக் காட்டுனேன். கேட்டு முடிச்சுட்டு, பந்தி எங்கேன்னு கேட்டாங்க."

"போட்டீகளா?" என்றாள் மரகதம்.

"சாப்பிடுற சத்தம் இன்னொரு துண்டுல இருந்துச்சு. அதைக் கேட்டே வயிறு நிறைஞ்சு போயிட்டாங்க."

மரகதம் டிபன் டப்பாவை மூடினாள். கொண்டல்சாமி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டார். "காது சுத்தமானதும் பாருங்க, சீனி டப்பாவுல எறும்பு நடக்குறது கேக்குது. காலடிச் சத்தத்தை வச்சு வெறுங்கையா வருதா, தூக்கிட்டுப் போகுதான்னு சொல்லிருவேன். அது என்ன பெருசு, மலை உச்சியில மேகங்க எந்த ஊருக்குப் போகலாம்னு பேசிக்கிறது கேக்கும். உடனே வீட்டுல துணியை எடுக்கச் சொல்லிருவேன்."

"நேத்து உங்க வீட்டுத் துணியெல்லாம் நனைஞ்சு சொட்டுச்சே, நான் பாத்தேனே" என்றாள் மரகதம்.

"நேத்து வந்த மேகம் கேரளாவுல இருந்து வந்தது. மலையாளத்துல பேசுச்சு. எனக்கு அந்தப் பாஷை வராது."

சொல்லிவிட்டு, குறும்பி வாங்கியைச் சட்டை ஓரத்தில் துடைத்தார். "காதைக் காட்டு தாயி. ஒரே இழுப்பு."

சீனித்தாயின் கழுத்து ஒரு பக்கம் சாயத்தான் செய்தது. நமைச்சல் அப்படி. கிரீஸ் படிந்த அந்தக் கரண்டி கிட்டே வந்தபோதுதான் சுதாரித்து நிமிர்ந்தாள்.

"இருங்கண்ணே. உங்க காது எப்படின்னு மொதல்ல பாத்துருவோம். நான் மெதுவாப் பேசுறேன், என்ன சொன்னேன்னு சொல்லுங்க."

கையால் வாயைப் பாதி மறைத்துக்கொண்டு உதட்டை அசைத்தாள்.

கொண்டல்சாமி கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "கொண்டல் அண்ணன் மாதிரி விவரமான ஆளு இந்த மில்லுலயே இல்லைன்னு சொன்ன."

"நான் ஒண்ணும் சொல்லல. வாயை மட்டுந்தான் அசைச்சேன்."

பக்கத்து மேசையில் ஒருத்தருக்குப் புரை ஏறியது. கொண்டல்சாமி அசரவில்லை. "சொன்னதை எவனும் கேப்பான் தாயி. சொல்லாததைக் கேக்குறதுக்குத்தான் காது சுத்தமா இருக்கணும்."

"அப்படியா. இப்பவும் ஒண்ணு சொல்லாமத்தான் இருக்கேன். அதையும் கேட்டுட்டு எந்திரிச்சுப் போங்க."

கொண்டல்சாமி சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். சீனித்தாய் ஊசியைக் கொண்டையில் செருகினாள். அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்கிற பயத்திலேயே அதன் பிறகு அவள் காதுக்குள் ஒரு துரும்பைக்கூட விடவில்லை.

வீட்டில் டாக்டர் சொன்னபடியே மருந்தை விட்டாள், ஒருக்களித்துப் படுத்தாள், வெளியே வந்ததை மட்டும் துணியால் துடைத்தாள். அந்த வாரக் கடைசியில் குறும்பி இளகி, பழுப்பாகத் தலையணைத் துணியில் வந்து இறங்கியது. புளியங்கொட்டையும் இல்லை, மொச்சையும் இல்லை, ஒரு சின்னக் கறை. மறுநாள் மில்லில் மிஷின் சத்தம் இரண்டு காதிலும் ஒரே அளவாகக் கேட்டபோது அவளுக்கு அழுகை வரப் பார்த்தது.

அன்றைக்கு மத்தியானம் கேண்டீனுக்குள் நுழைந்தாள். பின்பக்க மேசையிலிருந்து கொண்டல்சாமியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நம்ம சீனித்தாய்க்குக் காது அடைச்சுக் கிடந்துச்சுல்ல. கருவியே தொடல. எதிர உக்காந்து பேசுனேன். பேச்சு போற வேகத்துல உள்ள இருந்தது தானா வெளிய ஓடி வந்துருச்சு. வேணும்னா அவளையே கேளுங்க, காது இப்ப எப்படி இருக்குன்னு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சீனித்தாய் தட்டில் சோற்றை வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"அடைச்சிருந்தப்பவே நல்லா இருந்துச்சு."